அவலாஞ்சி: 91 சென்டிமீட்டரும் 500 மெகாவாட்டும்

(ஊட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் போனது. ஐம்பது வேகன்கள், அத்தனையிலும் தண்ணீர். மொத்தம் 25 லட்சம் லிட்டர். சென்னையின் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருடம் அது. குடங்களை வரிசையாக வைத்து லாரிக்குக் காத்திருந்த பெண்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதிலிருந்து சரியாக நான்கு வாரம். ஆகஸ்ட் 9 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், இதோ இந்த மேற்குப் பக்கத்து மலைக்குப் பின்னால் இருக்கும் அவலாஞ்சியில் 911 மில்லிமீட்டர் மழை. முந்தின நாள் 820 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் ஒரு வருடச் சராசரி மழையே 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான். நமக்கு வருடம் முழுக்க, இரண்டு பருவத்திலும் சேர்த்துக் கிடைப்பதை அவலாஞ்சி ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தின நாளும் கிட்டத்தட்ட அவ்வளவே வாங்கியிருந்தது.

நான் புவியியல் வாத்தியார். எண்ணைச் சொல்லிவிட்டு அப்படியே போக மனம் வராது. ஒரு ஏக்கர் நிலத்தில் 911 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு தண்ணீர்? ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒன்றரை ஜோலார்பேட்டை ரயில் என்று வையுங்கள். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் முந்நூறு லாரி. அந்த முந்நூறு லாரித் தண்ணீரும், படுக்கையாக இருக்கும் வயலில் நிற்கவில்லை. நிமிர்ந்து நிற்கிற மலைச்சரிவில் இறங்கியது.

மழைமானியை எத்தனை பேர் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கியவர்கள் குறைவு. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு புட்டி. தினமும் காலை எட்டரை மணிக்கு ஒருவர் போய்ப் புட்டியை எடுத்து, அளவு கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் 911 மில்லிமீட்டர் என்றால் பதினெட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். பத்து லிட்டர் புட்டி இருந்தாலும் அது வழிந்துவிடும். அப்படியானால் நடுராத்திரியில், அந்தக் காற்றில், யாரோ ஒருவர் டார்ச்சோடு போய் நிறைந்த புட்டியை அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்தால்தான் எண் சரியாக வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது பருவநிலை மாற்றம் என்று பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, அதன் கீழே புனலும் புட்டியும்தான் வரைவேன். பெரிய சொற்கள் எல்லாம் கடைசியில் ஒருவருடைய நோட்டில் இருக்கிற எண்ணில்தான் வந்து நிற்கின்றன.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு மழையைக் காட்டி, ‘பார், பருவநிலை மாறிவிட்டது’ என்று நான் சொல்லமாட்டேன். நீலகிரி மழைக்குப் புதிய ஊர் இல்லை. 1978 நவம்பர் மழையை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1993-இல் மரப்பாலம், 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் எல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தெற்கே மாஞ்சோலைக் காக்காச்சியில் 1992-இல் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது. அவலாஞ்சி அதைத் தாண்டவில்லை. அவலாஞ்சி என்கிற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நடந்த ஒரு பெருஞ்சரிவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். பனிச்சரிவுக்கான அவர்கள் சொல்லை மண்சரிவுக்கு வைத்தார்கள், நாம் வாயில் போட்டு மென்று அவலாஞ்சி ஆக்கிக்கொண்டோம்.

ஆனால் காற்றின் இயற்பியல் ஒன்று இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமப்பதை எங்காவது கொட்டத்தானே வேண்டும்? அரபிக்கடலிலிருந்து வருகிற காற்று முதலில் முட்டுகிற சுவர் நம்முடைய குந்தா மலைத்தொடர். ஆகவே, அபூர்வமாக வந்தவை அடிக்கடி வரும் என்று எண்ணித் திட்டம் போடுவதுதான் புத்தி. 2024 ஜூலை 30 விடியற்காலை பக்கத்து வயநாட்டில், முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்த மண்சரிவைப் பார்த்த பிறகும் இதை விவாதமாக வைத்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, தலைப்பின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். 500 மெகாவாட்.

இந்த மலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்தபோது இந்தியாவின் பல நகரங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். 1932-இல் பைக்காரா வந்தது. அந்தக் கரண்ட் கீழே இறங்கிப் போய்த்தான் கோயம்புத்தூரில் மில்களாகவும் மோட்டார் பம்புகளாகவும் ஆனது. கோவையிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: உங்கள் ஊரின் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு பைக்காரா மின்சாரத்தைப் பற்றி நீங்கள் பேசுவதில்லை.

பிறகு குந்தா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்து, 1950-களில் வேலை தொடங்கி, 1960 வாக்கில் முதல் இயந்திரங்கள் சுற்றின. அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான திட்டம் என்பதைத் தண்ணீரோடு கூடவே நடந்து பார்த்தால்தான் புரியும். அப்பர் பவானி அணையிலிருந்து கிளம்புகிறது. குழாயில் இறங்கி அவலாஞ்சிக் கரையில் இருக்கும் ஐந்தாம் பவர்ஹவுஸில் 40 மெகாவாட். (தண்ணீர் போகிற வழியில் ஐந்துதான் முதலில் வரும். வெளியூர்க்காரர்கள் இதில் குழம்பாமல் இருந்ததே இல்லை.) அவலாஞ்சி, எமரால்டு இரண்டும் ஒட்டிப் பிறந்த ஏரிகள். அங்கே சேர்ந்த தண்ணீர் ஒன்றாம் பவர்ஹவுஸில் 60, கெத்தையில் 175, பரளியில் 180, பில்லூரில் 100. பக்கவாட்டில் பார்சன்ஸ்வேலி ஒரு 30. ஒரே தண்ணீர் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலிருந்து கிளம்பி, படிப்படியாக ஐந்து இடத்தில் வேலை செய்துவிட்டு, கோவைக்குக் குடிநீராகவும் பவானிசாகர் வழியே ஈரோட்டு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாசனமாகவும் போகிறது. வாய்க்காலில் குளிக்கிற ஈரோட்டுப் பையனுக்குத் தன் தலையில் விழுகிற தண்ணீர் ஐந்து முறை டர்பைன் சுற்றிய தண்ணீர் என்று தெரியாது.

இப்போது எமரால்டுப் பக்கம் காட்டுக்குப்பையில் மலைக்குள்ளே குடைந்துகொண்டிருப்பது வேறு மாதிரியான திட்டம். குந்தா நீரேற்று மின் திட்டம். 125 மெகாவாட்டில் நான்கு இயந்திரம், மொத்தம் 500. மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி–எமரால்டு. இரண்டும் ஏற்கெனவே இருக்கிற ஏரிகள். நடுவில் சுரங்கமும் நிலத்தடி மின்நிலையமும். கரண்ட் மிச்சம் இருக்கும்போது கீழ் ஏரித் தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட்டில் இது 1980-களிலிருந்தே நடக்கிறது.

‘ஏற்றுவதற்குச் செலவாகும் கரண்ட்டை விட இறக்கும்போது கிடைப்பது குறைவுதானே? இது என்ன வியாபாரம்?’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நூறு யூனிட் போட்டால் எழுபத்தைந்து, எண்பது திரும்பும். ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு ராமநாதபுரத்து வெயிலில் கிடைக்கிற யூனிட்டும், மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடுகிறபோது வேண்டியிருக்கிற யூனிட்டும் விலையில் ஒன்றல்ல. மார்க்கெட் முடிகிற நேரத்தில் தக்காளியைக் கூடையோடு வாங்கி வெயிலில் காயவைக்கிற மாமியைப் போய் ‘பாதி எடை போய்விட்டதே’ என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. சூரிய மின்சாரம் வருடா வருடம் ஏறுகிறது. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நாடு 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின்திறன் 500 கிகாவாட் என்றும், 2070-இல் நிகர பூஜ்ஜியம் என்றும் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு இந்தியர் வருடத்துக்கு வெளியிடுகிற கரியமிலவாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. யார் குறைக்க வேண்டும் என்ற அந்த வழக்கை உலக மேடையில் நடத்தட்டும், நடத்தவும் வேண்டும். அது தீரும்வரை கோடையும் காத்திருக்காது, மழையும் காத்திருக்காது. காற்றும் வெயிலும் வருகிற நேரம் நம் கையில் இல்லை. சேர்த்து வைக்க இடம் வேண்டும். அந்த இடமாக நம்முடைய மலையைக் குறித்திருக்கிறார்கள். குந்தாவின் 500-க்குப் பிறகு அப்பர் பவானியில் 1,000 மெகாவாட், சில்லஹள்ளாவில் 1,000 மெகாவாட் என்று வரிசை நிற்கிறது.

நான் எதிர்ப்பாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற இரண்டு ஏரிக்கு நடுவே சுரங்கம் போடுவதும், புதிதாக ஆற்றை மறித்து அணை கட்டுவதும் என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியவில்லை. குந்தாத் திட்டத்தை நான் ஏற்கிறேன். தோண்டி எடுத்த கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஏற்கிறேன். சில்லஹள்ளாவில் மலைக்காய்கறியும் தேயிலையும் விளைகிற நிலத்தை முழுக வைத்துத்தான் சுத்தமான மின்சாரம் என்றால், அந்த மலைக் கிராமங்களான ஹட்டிகளின் மக்கள் கூட்டம் கூட்டமாக வேண்டாம் என்பதில் தவறு காணமாட்டேன். அப்பர் பவானி முக்கூர்த்தித் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிறது. வரையாட்டின் வீடு அது. அங்கே, ஏற்கெனவே இருக்கிற ஏரிதானே என்ற வாதம் மட்டும் போதாது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

காற்றாலைகள் எப்போது அதிகமாகச் சுற்றும்? மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அவலாஞ்சியில் எப்போது கொட்டும்? அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில். இரண்டையும் கொண்டுவருவது ஒரே தென்மேற்குக் காற்று. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் மிச்சமாக உற்பத்தி செய்து, ‘தண்ணீரை மேலே ஏற்று’ என்று கேட்கிற அதே வாரத்தில், போர்த்திமந்து மழையில் நிறைந்து ‘என்னிடம் இடம் இல்லை’ என்று சொல்லும். கீழே எமரால்டும் நிறைந்திருக்கும். சேமிப்புக்கு மிகவும் தேவையான மாதங்கள்தான் ஏரிகள் மிகவும் நிறைந்திருக்கும் மாதங்கள்.

அப்படியானால் ஜூன் மாதத்தில் எந்த ஏரியை எவ்வளவு காலியாக வைப்பது? மின்சாரத்துக்காக வைத்த காலி இடம் வெள்ளத்துக்கும் உதவுமா? ராத்திரி இரண்டு மணிக்கு 50 சென்டிமீட்டர் தாண்டிவிட்டது என்று மழைமானி பார்க்கிறவர் போன் செய்தால், இயந்திரத்தை நிறுத்துவதற்கும் ஷட்டரைத் திறப்பதற்கும் முடிவெடுக்கிறவர் ஒரே ஆளா, மூன்று ஆபீஸில் மூன்று ஆளா? கெத்தை, பில்லூர் கரையோரத்துக்கு யார் சொல்வது? ஒரு ஆபீஸில் மின்சாரக் கணக்கு இருக்கிறது. இன்னொன்றில் மழைக் கணக்கு. மூன்றாவதில் சரிவுக் கணக்கு. மூன்று நோட்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். என்னைப் பொறுத்தவரை பருவநிலைத் தகவமைப்பு என்று இவ்வளவு பெரிய சொல்லால் சொல்வது இந்த மேஜையைத்தான்.

நம்பிக்கையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019-க்கு அப்புறம் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் டார்ஜிலிங்கையும் நீலகிரியையும் எடுத்துக்கொண்டு, மழை முன்கணிப்பை வைத்து, எந்தத் தாலுக்காவில் சரிவு அபாயம் என்று பருவமழைக் காலத்தில் தினமும் அறிவிக்கத் தொடங்கியது. 2024-இல் கொல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாய இடங்களாகக் குறித்து வைத்திருக்கிறது. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும், தாலுக்கா அளவில் எச்சரிக்கை வந்தால் லைன் வீட்டில் இருக்கிற தேயிலைத் தொழிலாளி என்ன செய்வார்? இந்த மலையின் செங்குத்தான இடங்களில் குடியிருக்கிறவர்களில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் ஒரு தடவை அவர்களைக் கிளப்பியது. மண்ணும் ஒரு தடவை கிளப்ப வேண்டாம். எந்த மழை அளவில், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த வழியாக என்பது அந்த லைனில் இருக்கிற அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் எங்கள் வீட்டுப் பக்கம் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பைக்காராவும் குந்தாவும் ஓடிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் இருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டோம். சாலை திறந்துவிட்ட பிறகு எமரால்டுப் பக்கத்து ஹட்டி ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் தோட்டத்துக்குப் போனேன். என்னிடம் படித்த பையனின் அப்பா. உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருந்த மேடு பாதி இல்லை. வெட்டி எடுத்த கேக் மாதிரி நின்றிருந்தது சரிந்த ஓரம். மேலே முழங்கை அளவு கறுப்பு மண், அதன் கீழே மஞ்சளும் சிவப்புமாகக் களி. களியில் விரல்விட்டால் வெண்ணெயில் போவது போலப் போனது. ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேரட்டைப் பிடுங்கித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“எரு போட்டா பயிரு வரும் சார். மண்ணுக்கு எங்க போறது?”

நான் அந்தக் கேரட்டைத் தின்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்தக் கறுப்பு மண் எங்கே போனது என்பதற்கு மட்டும் பதில் உண்டு. குந்தா அணைக்குப் போனது. 89 அடி என்று எழுதியிருக்கும் அணையில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை அடி சகதி என்று மஞ்சூர்க்காரர்களைக் கேளுங்கள். சகதி ஏற ஏற, அணையில் தண்ணீருக்கு இடம் குறையும். கொஞ்சம் மழைக்கே ஷட்டரைத் திறக்க வேண்டிவரும். டர்பைனுக்கு வேண்டிய தண்ணீர் சும்மா ஆற்றில் போகும். ஆக, அந்தப் பெரியவர் இழந்ததும் மின்வாரியம் இழந்ததும் ஒரே மண். அவர் புலம்பலும் இவர்கள் தூர்வாரும் டெண்டரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. அதனால்தான் சொல்கிறேன், மேல்பக்கத்துச் சரிவையும் மின்நிலையத்தின் ஓர் இயந்திரமாகக் கணக்கில் எழுத வேண்டும் என்று. டர்பைனுக்கு வருடாவருடம் பராமரிப்பு உண்டு. சரிவுக்கு உண்டா?

இந்த மலையின் பழைய இயந்திரம் எது தெரியுமா? புல். சோலைக்காடு பள்ளத்தில், புல்வெளி மேட்டில். தோடர்களின் எருமைகள் மேய்ந்த மேடுகள் அவை. போர்த்திமந்து என்கிற பெயருக்குள்ளேயே அவர்களுடைய குடியிருப்பான மந்து இருக்கிறது. மழையைப் பஞ்சு போலக் குடித்து, மாதக்கணக்கில் ஊற்றாக விடுகிற ஏற்பாடு. வெள்ளைக்காரன் கண்ணுக்குப் புல்வெளி என்றால் சும்மா கிடக்கிற நிலம். விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் நாம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டுமென்று இன்னும் வேகமாக நட்டோம். மரம் நடுவது நல்லதுதானே என்று அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போதும் பள்ளிக்கூட விழாக்களில் கேட்பதில்லை.

ஊட்டியில் இருக்கிற மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 1968-இல் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டு ஓடையிலும் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டு வளர்ச்சியில் மரம் நட்ட பக்கம் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி அது மறுபடி தழைத்தபோது ஏறக்குறைய 25 சதவீதம். கோடை நாட்களில் குறைவு இன்னும் கடுமை. பைக்காரா மின்சாரத்துக்குத் தண்ணீர் போகிற அதே கிளன்மார்கன் பக்கம். ஓர் அரசுத் துறை நட்ட மரம் இன்னோர் அரசுத் துறையின் டர்பைனிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதைவிட எளிமையாகத் திட்டமிடலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்நிய மரங்களை அகற்றுவதற்கு 2022-இல் மாநில அரசு தனியாக ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லது. ஆனால் சீகையை வெட்டிவிட்டு மொட்டை மேட்டை ஜூன் மழைக்கு விட்டால் சீகையே தேவலாம் என்று ஆகிவிடும். புல் நாற்று வளர்த்து, கட்டைகளைக் குறுக்கே போட்டு, சின்னச் சின்னப் பகுதியாகச் செய்ய வேண்டிய வேலை. பொக்லைன் ஓட்டிச் செய்கிற காரியம் இல்லை. இதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், பணமும் வேண்டும்.

பணத்துக்கு என் யோசனை ஒன்று. நூறு வருடமாக இந்த மலையிலிருந்து எல்லாம் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர், மின்சாரம், தேயிலை, உருளைக்கிழங்கு, கடைசியில் மண். மேலே வருவது சனி ஞாயிறு கார்கள் மட்டும். நீரேற்றுத் திட்டம் வந்தால் முதல்தடவையாக சமவெளியின் கரண்ட் மலையேறி வரப்போகிறது, தண்ணீரை மேலே தள்ளுவதற்காக. அந்தக் கம்பியோடு கொஞ்சம் காசும் ஏறி வரட்டுமே? 500 மெகாவாட் தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் 30 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஐந்து பைசா என்று நீர்ப்பிடிப்புக்கு ஒதுக்கினால் நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், வருடத்துக்கு ஐந்தரைக் கோடிக்குப் பக்கம். நாள் தவறாமல் ஓடாது, ஆகவே பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பைசாவை கோவையிலோ சென்னையிலோ பில் கட்டுகிறவர் கவனிக்கக்கூட மாட்டார். மேலே அது புல் நாற்றாகும், படிமட்டச் சுவராகும், ஹட்டிக்கு ஒரு மழைமானியாகும்.

மத்திய அரசின் 2008 நீர்மின் கொள்கையில் உள்ளூர் மேம்பாட்டுக்கு ஒரு சதவீத மின்சாரம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நீரேற்றுத் திட்டங்களுக்கு 2023-இல் தனி வழிகாட்டுதல் வந்தபோது இலவச மின்சாரக் கடமையிலிருந்து அவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தகைய திட்டம் ஆற்றில் புதிதாக எதையும் எடுப்பதில்லை, இருக்கிற தண்ணீரையே ஏற்றி இறக்குகிறது என்பது காரணமாக இருக்கலாம். ஏட்டில் சரி. மலையை பேட்டரியாக வைத்துக்கொள்கிறவர்கள் வாடகை தரமாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈ.பி. வேலையில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். “சார், நீங்க சொல்றது கரெக்ட்தான். ஆனா அந்தக் கணக்கு எந்தத் தலைப்புல வரும்?” என்றான். சிரிக்காதீர்கள், அவன் உண்மையாகவே கேட்டான். தலைப்பு இல்லாததால் செய்யாமல் விட்ட வேலைகள் இந்த நாட்டில் நிறைய.

ஊருக்குள்ளேயும் நாம் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, ரோட்டு மட்டத்திலிருந்து ஏழு மீட்டர், பின்னால் பள்ளத்துக்குள் இன்னும் மூன்று மாடி என்று கட்டுகிறோம். சரிவின் காலை வெட்டி கார் நிறுத்த இடம் செய்கிறோம். மழைநீர்க் கால்வாயின் மேல் ஸ்லாப் போட்டுக் கடை வைக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலைகள் இன்னும் விறகைத்தான் எரிக்கின்றன. சுத்த மின்சாரம் பிறக்கிற மலையில் இலை உலர்த்துவதற்கு விறகுப் புகை. இதையெல்லாம் தனிச் சொற்பொழிவாக வைத்துக்கொள்ளலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். நாளைக் காலை ஊட்டியிலிருந்து எமரால்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். முத்தோரை பாலாடா வரும்போது காய்கறித் தோட்டங்கள் தெரியும். எந்தத் தோட்டத்தில் பாத்தி சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறது, எதில் சரிவோடு கீழ்நோக்கி ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள். எமரால்டில் இறங்கி டீ குடித்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தை ஒட்டி வருகிற ஓடையில் ஒரு டம்ளர், சோலையிலிருந்து வருகிற ஓடையில் ஒரு டம்ளர் எடுத்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். தேதியும் நேரமும் மறக்காமல் போட வேண்டும்.